மூன்று சென்டி வித்தியாசம்

மாதேஸ்வரியிடம் ஒரு ரோஜாவை நீட்டினால் பூவைப் பார்க்க மாட்டாள். தண்டைத்தான் பார்ப்பாள். "அம்பத்தெட்டு" என்பாள். அடிக்கோல் வைத்துப் பார்த்தால் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர் இருக்கும். அரை சென்டி கூடக் குறைய இருந்துவிட்டால், அது தண்டு செய்த தப்பு என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வாள்.

தேன்கனிக்கோட்டை போகும் சாலையில் ஒரு ரோஜாத் தோட்டத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷ வேலை. பத்தொன்பது வயதில் பூ வெட்டப் போனவள். நாலைந்து வருஷத்தில் பூ வளர்க்கும் ஷெட்டிலிருந்து கிரேடிங் ஹாலுக்கு வந்தாள். வெட்டிய பூவை நீளவாரியாகப் பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, குளிர் அறைக்கு அனுப்புகிற இடம் அது. மேஜை மேல் நாற்பது, ஐம்பது, அறுபது, எழுபது என்று பெயின்டில் கோடு போட்டிருப்பார்கள். புதிதாக வரும் பெண்கள் ஒவ்வொரு தண்டாகக் கோட்டில் படுக்க வைத்து அளப்பார்கள். மாதேஸ்வரி பார்ப்பாள், வீசுவாள். அது சரியான குவியலில்தான் போய் விழும்.

ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்த ஒரு வியாபாரி நம்பாமல், அவள் பிரித்த ஒரு கட்டை அவிழ்த்து இருபதையும் அளந்து பார்த்தார். அளந்து முடித்ததும் டீ கேட்டார். அந்த டீயைப் பற்றி ஹாலில் இன்றைக்கும் பேச்சு உண்டு.

இப்படிப்பட்ட கண் வைத்திருந்தவள் தன்னுடைய இரண்டு கால்களை மட்டும் ஏன் பார்க்காமல் விட்டாள்? அதைச் சொல்லத்தான் இந்தக் கதை.

அந்த ஹாலில் கால் வலி இல்லாத பெண் ஒருத்தி கிடையாது. சிமென்ட் தரை, எட்டு மணி நேரம் நின்றபடி வேலை, பக்கத்திலேயே குளிர் அறை. டீ நேரத்தில் கால் வலியைப் பற்றிப் பேசுவது மழையைப் பற்றிப் பேசுவது மாதிரி. யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். வீட்டுக்குப் போனதும் பழைய வேட்டியைக் கிழித்துக் கெண்டைக்காலைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்தால் காலையில் எழுந்து வந்துவிடலாம். மாதேஸ்வரிக்கு அதற்கென்றே இரண்டு துணிகள் இருந்தன. துவைத்துக் கொடியில் காயப்போடும்போது அவள் புருஷன் சென்னப்பன், "உன் காலு ரெண்டும் காயுது பாரு" என்று கிண்டல் செய்வான். அவன் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிறவன். அவனுக்கு முதுகு.

ஜனவரி முதல் வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஜனவரியில் மாதேஸ்வரிக்குக் காய்ச்சல் வரக் கூடாது. பிப்ரவரியில் காதலர் தினம் வருகிறது, அதற்கான பூ ஜனவரி கடைசியிலேயே விமானம் ஏற வேண்டும். அந்த இருபது நாள்தான் தோட்டத்துக்கு வருஷம். அந்த நாட்களில் பெரிய மேஜையின் தலைமாட்டில் நிற்பவள் சொல்வதுதான் சட்டம்; சூப்பர்வைசர் பிரதாப்பே அவள் முன்னால் குரல் எழுப்ப மாட்டான். ஒன்பது சீசனாக அங்கே மாதேஸ்வரி நிற்கிறாள். பத்தாவதை விடுவாளா? அடுத்த இடத்தில் ராஜாத்தி வேறு கண்ணைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

இரண்டு நாள் காய்ச்சலோடு வேலைக்குப் போனாள். மூன்றாம் நாள் எழ முடியவில்லை. நெஞ்சின் வலது பக்கம் ஊசி குத்துவது போல வலி, துருப்பிடித்த நிறத்தில் சளி. ஊரில் ஊசி போடுகிறவரிடம் இரண்டு ஊசி போட்டுக்கொண்டு ஆறு நாள் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். நாலாம் நாள் இடது கெண்டைக்கால் கடுகடுவென்று வலித்தது.

"இந்தா, அந்தத் துணிய எடுத்துக் கட்டு" என்றாள்.

"நிக்கவே இல்ல, படுத்துதான கிடக்குற. காலு எதுக்கு வலிக்குது?" என்று கேட்டான் சென்னப்பன்.

நல்ல கேள்வி. இந்தக் கதையிலேயே புத்திசாலித்தனமான கேள்வி அதுதான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் துணியை எடுத்து அழுத்தமாகக் கட்டிவிட்டான்.

சனிக்கிழமை மகள் ஹரிணி ஓசூரிலிருந்து வந்தாள். செல்போன் பாகங்கள் கோக்கும் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் தங்கல். அம்மாவின் உதட்டைப் பார்த்தாள், அது நாவல்பழ நிறத்தில் இருந்தது. யாரையும் கேட்காமல் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டாள். "சீசன் வருதுடி" என்று ஸ்ட்ரெச்சரிலிருந்து முனகியவளிடம், "நீ இருந்தாதான் சீசன்" என்று எரிந்து விழுந்துவிட்டு, வண்டிக்குள் ஏறியதும் அழுதாள்.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் கீழ்ப்பாதி வெள்ளையாக இருந்தது. நிமோனியா. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், கையில் டிரிப்ஸ், விரலில் கிளிப். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் அளவு கிளிப்பில் எண்பத்தாறு என்று ஓடியது.

டாக்டர் பெயர் ஜோதிமணி. முப்பத்தைந்து வயது இருக்கும், கரூர்ப் பக்கத்துப் பெண். வார்டில் எல்லோரிடமும் கேட்கும் கேள்விகளை அவளிடமும் கேட்டார்.

"கால்ல வலி, வீக்கம் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

இது முதல் தடவை.

பொங்கல் ஆஸ்பத்திரியில் கழிந்தது. மருந்து வேலை செய்தது. காய்ச்சல் இறங்கியது, சளி வெளுத்தது, இருமலும் குறைந்தது. ஐந்தாம் நாள் எக்ஸ்ரேயில் வெள்ளை கரைந்துவந்தது நன்றாகத் தெரிந்தது. மூச்சு மட்டும் கூடவே தேறவில்லை. மாஸ்க்கைக் கழற்றினால் கிளிப்பில் எண் சரசரவென்று இறங்கியது. ஜோதிமணி எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், மாதேஸ்வரியைப் பார்த்தார், மறுபடி எக்ஸ்ரேயைப் பார்த்தார்.

"படம் தேறிருச்சு. நீங்க ஏன் தேறல?" என்றார். "கால்ல நிஜமாவே ஒண்ணும் இல்லீங்களா?"

"இல்லீங்க டாக்டர். எப்ப ஊட்டுக்கு அனுப்புவீங்க? இருபத்திநாலாந் தேதி சீசன் தொடங்குது."

இது இரண்டாவது. நர்ஸ் பவளம் அன்று சாயங்காலம் படுக்கை மாற்றும்போது அதையே கேட்டாள், அது மூன்றாவது. மூன்று முறையும் மாதேஸ்வரியின் இடது கெண்டைக்கால் நைட்டிக்கும் போர்வைக்கும் அடியில், வேட்டித் துணிக்குள் வலித்துக்கொண்டுதான் இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் துணியை அவிழ்த்துப் புதிதாகக் கட்டிக்கொள்வாள்.

அவளைப் பொய்க்காரி என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் தினமும் வலித்த கால் அது. அதை நோய் என்று சொன்னால், ஹாலில் இருக்கிற அறுபது பேரும் நோயாளி என்று ஆகிவிடும். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். கால் வலி என்று வாயைத் திறந்தால் இன்னொரு பரிசோதனை, இன்னும் நாலு நாள் என்று ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். சீசன் அவள் கண்ணுக்குள்ளேயே நின்றது.

ஆறாம் நாள் காலை கழிப்பறைக்கு நடந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, பவளம் பார்க்கும் தூரத்தில் மட்டும் நிமிர்ந்து நடந்தாள், நடக்கத் தெம்பு வந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளட்டும் என்று. திரும்பி வரும்போது பாதி வழியில் நெஞ்சுக்குள் யாரோ கதவைச் சாத்திய மாதிரி இருந்தது. மூச்சை இழுத்தாள், காற்று உள்ளே போனது. போயும் ஒரு பிரயோஜனம் இல்லை. கண் இருட்டியது.

பவளம் ஓடிவந்து தாங்கினாள். "யக்கா! கண்ணத் தொறங்க, என்னயப் பாருங்க!" கிளிப்பில் எழுபத்தொன்பது.

கட்டிலில் கிடத்தும்போது நைட்டி விலகியது. கெண்டைக்காலைச் சுற்றி இறுகிய துணியைப் பவளம் பார்த்தாள். அவள் திருநெல்வேலிக்காரி, அவள் ஊரிலும் இந்தக் கட்டு உண்டு. துணியை அவிழ்த்தாள், டாக்டரைக் கூப்பிடப் போனாள்.

ஜோதிமணி தையல்காரர் டேப் போன்ற ஒன்றை எடுத்து முழங்காலுக்குக் கீழே ஓர் அளவு குறித்துக்கொண்டு இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தார். வலது, முப்பத்தொன்று. இடது, முப்பத்திநாலு.

"மூணு சென்டி வித்தியாசம்" என்றார்.

மாஸ்க்குக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாதேஸ்வரி தலையைத் தூக்கித் தன் கால்களைப் பார்த்தாள். பார்த்ததும் தெரிந்தது. ஒரு டேப்பும் தேவையில்லை. ஹாலில் இந்த இரண்டையும் ஒரே கட்டுக்குள் வைத்து எவளாவது கட்டியிருந்தால் அவளை மேஜையை விட்டே விரட்டியிருப்பாள். அந்த வெட்கம், மூச்சு முட்டுகிற அந்த நேரத்திலும், அவளுக்கு வந்தது.

சாயம் ஏற்றி நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். காலையும் ஸ்கேன் பார்த்தார்கள். மத்தியானத்துக்குள் விவரம் வந்துவிட்டது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி அதற்கு முன்பே வயிற்றில் போட்டாயிற்று. ஸ்கேனுக்குக் காத்திருக்கும் நேரத்தைக்கூட வீணாக்க ஜோதிமணி தயாராக இல்லை.

சாயங்காலம் சென்னப்பன் வந்து நின்றான். கம்பெனியிலிருந்து நேராக வந்தவன், சட்டையெல்லாம் அட்டைப்பெட்டித் தூசி. ஜோதிமணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு இருவருக்கும் சேர்த்துச் சொன்னார்.

"நுரையீரல்ல ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு காத்து வர்ற வழி, இன்னொண்ணு ரத்தம் வர்ற வழி. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்தாத்தான் காத்து ரத்தத்துல ஏறும். நிமோனியாவுல காத்து வர்ற வழியில சளி அடைச்சிருந்துச்சு. அத மருந்து குடுத்து சரி பண்ணிட்டு வந்தேன். ரத்தம் வர்ற வழியும் அடைச்சுக் கிடந்தது இப்பத்தான் தெரியுது. ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்குது."

"ரத்தம் ஏங்க உள்ளயே உறையுது? வெட்டுப்பட்டாத்தான உறையும்?" என்றான் சென்னப்பன்.

"உடம்பு நல்லதுக்குன்னு நெனச்சுப் பண்றதுதாங்க. கிருமி புகுந்த இடத்துல ரத்தக் குழாயெல்லாம் புண்ணாட்டம் வீங்கிக் கிடக்கும். கிருமி மேல பரவக் கூடாதுன்னு உடம்பு அங்கங்க ரத்தத்த உறைய வெச்சுத் தடுக்கும். வேல முடிஞ்சதும் அதுவே கரைச்சும் விடணும். நோவு பெருசா இருந்தா உறையறது கூடிப் போயிரும், கரையறது கொறஞ்சு போயிரும். அதோட ஒரு வாரம் அசையாம படுத்துட்டீங்க. கால்லயும் உறைஞ்சிருச்சு. இன்னைக்கு எந்திரிச்சு நடந்தீங்களே, அப்ப அதுல ஒரு துண்டு பிச்சுக்கிட்டு மேல போய் நுரையீரல்ல உக்காந்துக்கிச்சு."

மாதேஸ்வரி மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள். "எங்கூர்ல ஆனைக்கு வேலி போட்ட கதைதான் டாக்டர்" என்றாள். "ராகிக் கொல்லையில ஆனை புகாம இருக்கோணும்னு சுத்திப் பள்ளம் வெட்டி முள்ளு போட்டோம். ஆனை வரல. எங்க மாடும் வெளிய மேயப் போவ முடியல."

ஜோதிமணிக்குக் கோபம்தான் இருந்தது. அதையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. "அதேதான்" என்றவர், உடனே முகத்தை இறுக்கிக்கொண்டார். "மூணு தடவ கேட்டோம். மூணு தடவயும் இல்லைன்னீங்க. முதல் தடவயே சொல்லியிருந்தா அன்னைக்கே பார்த்திருப்பேன். இன்னைக்குப் போயிருப்பீங்கம்மா. நடு வராந்தாவுல போயிருப்பீங்க."

அதைக் கேட்டதும் சென்னப்பன் உட்கார்ந்துவிட்டான். ஸ்டூல் டாக்டருக்குக் கீழே இருந்ததால் தரையிலேயே உட்கார்ந்தான்.

"நான்தாங்க கட்டுனேன். இந்தக் கையாலதான் இறுக்கிக் கட்டுனேன்" என்று குலுங்கிக் குலுங்கி அழுதான். சரக்கு மூட்டை தூக்குகிற கை, முகத்தை மறைக்கப் போதவில்லை.

"கட்டுனதால வந்ததுன்னு சொல்ல முடியாதுங்க" என்றார் ஜோதிமணி, குரல் தணிந்து. "நோவும் படுக்கையும் பண்ண வேலை இது. உங்க துணி அத மறைச்சுருச்சு. அவ்வளவுதான் அது பண்ண தப்பு. எந்திரிங்கண்ணா."

அன்று முதல் காலையும் மாலையும் வயிற்றில் ஊசி. குத்திய இடமெல்லாம் நீலம் பாரித்தது. இந்த ஊசி போட்டால் உள்ளே இருக்கிற கட்டி கரைந்துவிடுமா என்று மாதேஸ்வரி கேட்டாள். "ஊசி கரைக்காது. மேல மேல வளராம பிடிச்சு நிறுத்தும். கரைக்கிறது உங்க உடம்பு வேலை. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பண்ணும், அவசரப்படாதீங்க" என்றார் ஜோதிமணி. உடம்பு வேலை என்ற பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. வேலை என்றால் அவளுக்குப் புரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே, தன் உடம்பை ஒரு புது வேலைக்காரியைக் கவனிப்பது போலக் கவனிக்கத் தொடங்கினாள். இன்றைக்கு எண்பத்தொன்பது, நாளைக்குத் தொண்ணூற்றொன்று, மாஸ்க்கிலிருந்து மூக்குக் குழாய். எண் ஏற ஏற அவளுக்கு வாயும் ஏறியது. பவளத்திடம் போர்வை மடிப்பது சரியில்லை என்று சொல்கிற அளவுக்குத் தேறினாள்.

இருபத்திநாலாம் தேதி வந்தது, போனது. ராஜாத்தி போன் போட்டாள். "அக்கா, தலைமாட்டுல நானு நிக்கிறேன், கோவிச்சுக்காத" என்றாள். மாதேஸ்வரி, "நில்லு. நல்லா நில்லு" என்று வைத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உயிர் பிழைத்தவள் இதற்குப் போய் அழலாமா என்றால், அழலாம். அவள் அழுதாள்.

அதற்கு மறுநாள் பக்கத்துக் கட்டிலுக்கு நஞ்சம்மா வந்தாள். தளி தாண்டி, கர்நாடக எல்லையோரக் கிராமம். அறுபது வயது, கன்னடம் பேசுகிறவள், அவளுக்கும் நிமோனியா. பத்து நாள் வீட்டிலேயே கிடந்துவிட்டு வந்திருந்தாள். இருமுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் தன் மாட்டைப் பற்றியே பேசினாள். செவலை மாடு, முதல் ஈத்து, இந்த வாரமோ அடுத்த வாரமோ கன்று போடும், மருமகளுக்கு அதெல்லாம் தெரியாது. மாதேஸ்வரியும் எல்லையோரத்தில் பிறந்தவள்தான், கன்னடம் தனியாகக் கற்க வேண்டியதில்லை. மாதேஸ்வரி எல்லாவற்றுக்கும் உம் கொட்டினாள்.

மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து வார்டு ஓய்ந்திருந்த நேரம். நஞ்சம்மா வெக்கையில் போர்வையைத் தள்ளிவிட்டுப் படுத்திருந்தாள். மாதேஸ்வரி பார்த்தாள். பார்க்கவேண்டும் என்று பார்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷப் பழக்கம், பக்கத்தில் பக்கத்தில் நீளமாக இரண்டு கிடந்தால் கண் தானாக அளக்கும்.

வலது கால் ஒரு அளவு. இடது, இரண்டரை சென்டி கூடுதல்.

"நஞ்சம்மா, காலு நோவா?" என்றாள்.

"ஏனு இல்லம்மா" என்றாள் நஞ்சம்மா உடனே. ஒன்றும் இல்லை. கேள்வி முடிவதற்குள் வந்த பதில். அந்த வேகத்தை மாதேஸ்வரி நன்றாக அறிவாள். தமிழில் அதை மூன்று தடவை சொன்னவள் அவள்.

எழுந்து, டிரிப்ஸ் கம்பியைத் தள்ளிக்கொண்டு போய் நஞ்சம்மாவின் கெண்டைக்காலில் லேசாகக் கை வைத்தாள். சூடாக இருந்தது. நஞ்சம்மா "அம்மா" என்று காலை இழுத்துக்கொண்டாள்.

"சுள்ளு ஹேளபேடி" என்றாள் மாதேஸ்வரி. பொய் சொல்லாதீங்க.

நஞ்சம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லாதே என்றாள். நாளை மறுநாள் அனுப்பிவிடுவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார், கால் என்று சொன்னால் வைத்துக்கொள்வார்கள், மாடு தனியாகக் கன்று போட்டுச் செத்துப்போகும் என்று கண்ணில் நீரோடு கெஞ்சினாள்.

மாதேஸ்வரி ஒரு நிமிஷம் நின்றாள். அந்த மாட்டின் இடத்தில் ஒரு மேஜையை வைத்தால் இது அவளேதான். போன வாரம் தன்னை எவளாவது இப்படிக் காட்டிக்கொடுத்திருந்தால் வாழ்நாளுக்கும் பேச்சை நிறுத்தியிருப்பாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தது. வராந்தாவின் நடுவில் நெஞ்சுக்குள் சாத்திய கதவும் ஞாபகம் வந்தது. நஞ்சம்மாவின் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, நஞ்சம்மாவுக்கு நன்றாகக் கேட்கும்படியே குரல் கொடுத்தாள்.

"பவளம்! டாக்டரக் கூட்டியா. அந்த டேப்போட வரச் சொல்லு."

ஜோதிமணி வந்தார். நஞ்சம்மாவின் காலைப் பார்த்தார், பிறகு மாதேஸ்வரியைப் பார்த்தார். "எவ்வளவுன்னு சொல்லுவீங்களா?"

"ரெண்டரை."

அளந்தார். ரெண்டரை. பவளம் வாயைப் பிளந்தாள். ஜோதிமணி ஸ்கேனுக்கு எழுதினார். கால் குழாயில் விரல் நீளத்துக்குக் கட்டி இருந்தது. நுரையீரலுக்கு அது இன்னும் போகவில்லை, ஒரு துணுக்குகூட. அன்று மாலையே அவளுக்கும் வயிற்றில் அந்த ஊசி ஆரம்பித்துவிட்டார்கள்.

நஞ்சம்மா இரண்டு நாள் மாதேஸ்வரியோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட அந்தப் பக்கம் திரும்பி வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். மூன்றாம் நாள் மருமகள் போனில் கூப்பிட்டாள். மாடு கன்று போட்டுவிட்டது, கிடாரி, தாயும் கன்றும் சுகம், மருமகளே கைவைத்து இழுத்தாளாம். நஞ்சம்மா போனை வைத்தாள். தான் இல்லாமலும் நடந்துவிட்டதே என்பதில் அவளுக்கு முழுச் சந்தோஷம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து, பாதியை மாதேஸ்வரி பக்கம் நீட்டினாள்.

பிப்ரவரி முதல் வாரம் மாதேஸ்வரி வீடு திரும்பினாள். நஞ்சம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி "ஹோகி பன்னி" என்று வழியனுப்பினாள். போய் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லலாமா என்று பவளம் கேட்டுச் சிரித்தாள். ஊசிக்குப் பதில் மாத்திரை, குறைந்தது மூன்று மாதம், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. பல்லில் ரத்தம் வந்தாலோ மலம் கறுத்தாலோ உடனே வர வேண்டும். படுத்தே கிடக்கக் கூடாது, நடக்க வேண்டும்.

நடந்தாள். அவள் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை ஒரு மேடு உண்டு. முதல் நாள் அதை ஏற ஆறு இடத்தில் நின்றாள். ஆறாவது இடத்தில் ஒரு புளியமரம், அதைப் பிடித்துக்கொண்டு, இனி இவ்வளவுதானா நாம் என்று பயந்தாள். சென்னப்பன் பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஊரே சிரித்தது. அவன் தூக்கிக்கொண்டுதான் வந்தான். பத்து நாளில் ஆறு நான்கானது. மாதக் கடைசியில் இரண்டு. நாற்காலி வீட்டிலேயே தங்கிவிட்டது.

மார்ச் பாதியில் வேலைக்குப் போனாள். ராஜாத்தி தலைமாட்டிலிருந்து நகர்ந்து நின்றாள். மாதேஸ்வரி அவள் பிரித்து வைத்திருந்த அறுபது சென்டிக் குவியலை ஒரு பார்வை பார்த்து, இரண்டே இரண்டு தண்டை எடுத்து ஐம்பதில் போட்டாள். "தேறிட்ட" என்றாள். ராஜாத்திக்கு அது விருது.

பிரதாப்பிடம் போய் ஹாலில் நாலு ஸ்டூல் வேண்டும் என்றாள். நின்றால்தான் கை ஓடும் என்றான் அவன். "கை ஓடறதுக்கு ஆளு உசுரோட இருக்கோணும் தம்பி" என்றாள். மறு வாரம் ஸ்டூல் வந்தது. மணிக்கொரு முறை ஆள் மாற்றி உட்கார வேண்டும், உட்கார்ந்தவர்கள் பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். டீ நேரத்தில் எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்தால் மாதேஸ்வரி டம்ளரோடு ஒரு சுற்று வருவாள். சேலை விளிம்புக்குக் கீழே அறுபது ஜோடிக் கால். "பொண்ணு பார்க்க வந்த மாதிரி பாக்குறா" என்று ராஜாத்தி கேலி செய்வாள். மாதேஸ்வரி பார்ப்பதை நிறுத்தவில்லை.

ஏப்ரல் கடைசியில் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கிருஷ்ணகிரியில் மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற வெயில். ஜோதிமணி நெஞ்சில் குழலை வைத்து இரண்டு பக்கமும் கேட்டார். விரலில் கிளிப், தொண்ணூற்றெட்டு. வராந்தாவில் ஆறு நிமிஷம் நடக்கச் சொல்லி மறுபடி பார்த்தார், தொண்ணூற்றேழு. போன ஜனவரியில் அவள் விழுந்த அதே வராந்தா. சீட்டில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், வார்டில் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"கால்ல வலி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க டாக்டர்" என்றாள் மாதேஸ்வரி.

பேனா நின்றது. ஜோதிமணி சட்டென்று நிமிர்ந்தார்.

"ரெண்டு கால்லயும் இருக்குது" என்றாள் மாதேஸ்வரி. "எட்டு மணி நேரம் நிக்கிறேனே, வலிக்காம என்ன பண்ணும்? இருபத்திரண்டு வருஷமா வலிக்குது. நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன்."

ஜோதிமணி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். பிறகு மேஜை டிராயரிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து வந்தார். "சரி, நீங்களே மொதல்ல சொல்லுங்க. எவ்வளவு?"

மாதேஸ்வரி சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு தன் இரண்டு காலையும் பார்த்தாள். அவசரப்படாமல், ஒரு நல்ல தண்டைப் பார்ப்பது போல, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஒரே கட்டுல வெக்கலாம்" என்றாள்.

டேப் சுற்றியது. முப்பத்தொன்று. முப்பத்தொன்று.

வெளியே சென்னப்பன், ஓசூர் பஸ் புறப்படப் போகிறது என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தான். மாதேஸ்வரி சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, வேகமாக நடந்தாள். நடுவில் எங்கும் நிற்கவில்லை.